பேக்ரவுண்டை அப்புறம் மாத்திக்கலாம்னு எழுதிட்டீங்களே ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல போட்டோ ஸ்டூடியோக்கள பத்தி ஒரு முழுப்பக்கம் வந்துச்சு, படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாக, பழைய கேமரா படம்லாம் போட்டு அம்புட்டு ஆசையா. ஆனா நடுவுல ஒரு வரி வருது பாருங்க, இனிமே பின்னாடி என்ன தொங்குதுன்னு யாரும் கவலைப்பட வேணாம், எங்க வேணா நின்னு எடுத்துட்டு பேக்ரவுண்டை போன்லயே மாத்திக்கலாம்னு. எழுதுனவுக சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கலாம். ஆனா உங்க பேப்பர்ல வந்துட்டா திருமங்கலத்துல அது சட்டம் மாதிரி, கடைக்கு வர்ற பயலுக பூராம் அதையே சொல்றாய்ங்க, "அண்ணே சும்மா சொவத்துல நிறுத்தி எடுங்கண்ணே, மத்ததை நாங்க பாத்துக்கறோம்"னு. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டிப் போட்டாலும் சரி, ஆனா படிச்சுட்டு வெட்டுங்க.

பேக்ரவுண்டுன்னா பின்னாடி தெரியற ஒரு படம்னு நெனைக்கறாங்கல்ல, அங்கதான் சிக்கலே. அது வெளிச்சத்தோட சமாச்சாரம். எங்க கடை ரூம் ரொம்பப் பெருசு கிடையாது, பின் சொவர் வெறும் வெள்ளை சுண்ணாம்பு. அந்த ஒரே சொவத்தை நான் வெள்ளையாவும் காட்டுவேன், சாம்பலாவும் காட்டுவேன், கரிச்சாம்பலாவும் காட்டுவேன், ஒரு டப்பா பெயிண்ட் வாங்காம. எப்புடின்னா, லைட்டு முகத்துலருந்து 4 அடியில இருக்குன்னு வைங்க, ஆளுக்கு பின்னாடி சொவர் இன்னொரு 4 அடி. அப்ப லைட்டுக்கும் சொவத்துக்கும் 8 அடி. தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெளிச்சம் பாதி ஆகும்னு எல்லாரும் சொல்லுவாங்க, இல்ல, கால்வாசிதான் போய்ச் சேரும். முகத்துக்கு சரியா வெளிச்சம் வச்சு எடுத்தா அந்த வெள்ளைச் சொவர் படத்துல நடுச்சாம்பல் ஆயிரும். இப்ப அதே லைட்டை முகத்துக்கு 2 அடி கிட்ட கொண்டு வந்து பவரை குறைச்சுக்கங்க, சொவத்துக்கு 6 அடி, மூணு மடங்கு தூரம், வெளிச்சம் ஒம்பதுல ஒரு பங்கு, சொவர் நல்லா இருண்டு போயிரும். திருப்பி வெள்ளையா வேணுமா, சொவத்துக்குன்னு தனியா லைட்டு போடணும், முகத்தை விட ஒரு ஸ்டாப்பு, அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம், இருந்தா போதும். அதுக்கு மேல போட்டா அந்த வெளிச்சம் திரும்பி வந்து காது ஓரம், கன்னத்து ஓரம்லாம் கரைஞ்ச மாதிரி ஆயிரும், லென்ஸுக்குள்ள புகை அடிச்ச மாதிரி மொத்தப் படமும் வெளிறிப் போகும்.

ஆக, பின்னாடி வெள்ளையா சாம்பலாங்கறது லைட்டு எங்க நிக்குது ஆளு எங்க நிக்குதுன்னு முடிவு பண்றப்பவே முடிவாயிருது. முகத்துல விழுந்த அந்த வெளிச்சத்தை அப்புடியே வச்சுக்கிட்டு பின்னாடி மட்டும் ஊட்டி மலையைக் கொண்டாந்து ஒட்டுனா அது ஒட்டாது. பாக்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, ஆனா "ஏதோ ஒரு மாதிரி இருக்கே"ன்னு சொல்லிருவாங்க. மலையில வெயில் எடது பக்கத்துல இருந்து வருது, மாப்ள மூக்கோட நெழலு வலது பக்கத்துல இருந்து எடதுக்கு விழுது, ரெண்டு சூரியனா இருக்கு ஊருக்கு?

அடுத்தது நம்ம ஆளுங்க. வெள்ளை பேக்ரவுண்டுதான் நீட்டு, கார்ப்பரேட் லுக்குன்னு ஒரு பேஷன் வந்துருக்கு, அது எங்கருந்து வந்துச்சோ தெரியல. மதுரையில ஒரு பொண்ணு படம் எடுக்க வந்தா தலையில என்ன இருக்கும்? மல்லி. நல்லா நெருக்கமா கட்டுன மல்லி. 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூவு, வெள்ளைக்கு முன்னால நிறுத்துனா அந்தப் பூவு பாதி காணாமப் போயிரும், மீதிய அந்த போன் ஆப்பு வெட்டி எடுத்துரும், ஏன்னா அதுக்கு எது பூவு எது சொவருன்னு தெரியாது. ஆம்பளைங்க கதை இன்னும் மோசம், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வெள்ளைக்கு முன்னால நின்னா தலை மட்டும் தனியா மெதக்கும். கட்சிக்காரங்க ப்ளெக்ஸ்ல பாத்துருப்பீங்களே, தலைவர் கழுத்துக்கு கீழ எதுவும் இல்லாம சிரிப்பாரு. சரி கருப்புத் துணி போடுவோம்னா அங்க தலைமுடி போச்சு, எண்ணெய் வச்சு வாரின கருங்கூந்தல் பூராம் பின்னாடி கரைஞ்சு முகம் மட்டும் முகமூடி மாதிரி நிக்கும், அதுக்கு பின்னாலருந்து ஒரு லைட்டு போட்டு முடி ஓரத்தைப் பிரிச்சுக் காட்டணும். அதான் எங்க அப்பா காலத்துலருந்து நாங்க நம்பறது ஒரே கலரு, நடுச்சாம்பல். வெள்ளை வேட்டியும் அதுல பிரிஞ்சு நிக்கும், மல்லியும் நிக்கும், கருத்த முடியும் நிக்கும். கொஞ்சம் காவி கலந்த பழுப்பும் நம்ம தோலுக்கு அழகா வரும். அரக்குப் பட்டு கட்டி வந்தா பாசி கலந்த சாம்பல் போடுவேன், மயில் கழுத்துப் பட்டுன்னா பழுப்பு. சுங்குடிச் சேலை கட்டி வந்தாங்கன்னா பின்னாடி எந்த டிசைனும் கூடாது, சேலையிலயே அம்புட்டுப் புள்ளி இருக்கு, பின்னாலயும் புள்ளி வச்சா கண்ணு எங்க போயி நிக்கும் சொல்லுங்க.

இதுல இன்னொண்ணு. கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டரு இருக்கே, அது எதைப் பாத்தாலும் நடுச்சாம்பலா, 18 சதவீத சாம்பல்னு புஸ்தகத்துல போடுவாங்க, அந்த அளவுக்குக் கொண்டு வரத்தான் பாக்கும். பின்னாடி பூராம் வெள்ளையா இருந்தா, ஏ அப்பா இம்புட்டு வெளிச்சமான்னு குறைச்சுரும், முகம் இருட்டிப் போகும். அந்த இருட்டுன முகத்தைப் பாத்துட்டு வீட்டுக்காரங்க என்ன கேப்பாங்க? "கொஞ்சம் வெளுப்பாக்கி குடுங்கண்ணே." இப்புடித்தான் ஐயா ஆரம்பிக்குது. தப்பு பின்னாடி தொங்குன வெள்ளையில, தண்டனை புள்ளையோட தோலுக்கு. அதே புள்ளைய சாம்பலுக்கு முன்னால நிறுத்தி, ஒரு பக்கமா பெரிய வெள்ளைத் துணி வச்சு அதுலருந்து வெளிச்சத்தைத் திருப்பி விட்டுப் பாருங்க, கருத்த கன்னத்துல ஒரு மினுமினுப்பு வரும் பாருங்க, அந்த மினுமினுப்பு செவத்த தோலுல வராது. பொண்ணு பாக்க அனுப்பற பயோடேட்டா படத்துக்கு வர்றவங்ககிட்ட இதைச் சொல்லி ஒரு படம் இப்புடி எடுத்துக் காட்டுவேன், பாதிப் பேரு வெளுப்பாக்கறதை மறந்துருவாங்க. மீதிப் பேரு கேப்பாங்க. அவங்களை நான் ஒண்ணும் சொல்றதில்ல, என் பாட்டுக்கு எடுத்துக் குடுத்துருவேன், ஆனா வெளுப்பாக்க மாட்டேன்.

பாஸ்போர்ட், விசானா வேற கதை. அங்க வெள்ளைன்னு சொன்னா வெள்ளைதான், நம்ம ரசனைக்கு எடமே இல்ல. அமெரிக்க விசாவுக்கு 2க்கு 2 இன்ச், வெள்ளை இல்லாட்டி லேசா மங்குன வெள்ளை, அதுலயும் கம்ப்யூட்டர்ல மாத்தக்கூடாதுன்னே போட்டுருக்கான். போன்ல பேக்ரவுண்டை வெட்டி ஒட்டிக் கொண்டு போய் திரும்பி வந்தவங்க எங்க கடை வாசல்ல வந்து நிக்கறதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

உங்க கட்டுரையில, ஆளுக்குப் பின்னாடி தொங்க விடற துணியில வரைஞ்ச பழைய சீன்களை ஒரு சிரிப்புப் படமா போட்டு, கீழ "அந்தக் காலத்து போலி அரண்மனை"ன்னு எழுதியிருந்தீங்க. அது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. அந்தத் தூணு, படிக்கட்டு, ஓரமா சுருட்டிக் கட்டுன திரை, இதெல்லாம் நம்ம நாயக்கர் மகாலைப் பாத்து வரைஞ்சதுன்னு மதுரைக்காரங்க பெருமையா சொல்லிக்குவாங்க, ஆனா அந்த வழக்கம் ஐரோப்பாவுல இருந்து வந்தது. பாரிஸ்ல டிஸ்டேரின்னு ஒருத்தர் 1854ல சின்னச் சின்ன அட்டைப் படத்துக்கு காப்புரிமை வாங்குனாரு, அதுக்கப்புறம் உலகம் பூரா ஸ்டூடியோவுல தூணும் திரையும்தான். நம்மூர்ல அதை வரைஞ்சவங்க யாரு? நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதுனவங்க. கோவில்பட்டி கொண்டையராஜுவை எல்லாருக்கும் காலண்டர் சாமி படத்துலதான் தெரியும், 1898ல பொறந்து 1976ல போனவரு, மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு நாடகக் கம்பெனியில சீன் வரைஞ்சுக்கிட்டு இருந்தவரு, பெறவுதான் கோவில்பட்டியில தேவி ஆர்ட் ஸ்டூடியோன்னு வச்சாரு. அந்த மாதிரி கையி வரைஞ்ச துணி அது.

அவங்க முட்டாள் கெடையாது. ஸ்டூடியோவுக்குன்னு சீன் வரையறப்ப வெளிச்சம் எடப்பக்கமா வலப்பக்கமான்னு கேட்டுட்டுத்தான் வரைவாங்க, ஏன்னா ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வரைஞ்ச தூணுலயும் வெளிச்சம் இருக்கணும். அடிவானத்தை நாக்காலியில உக்காந்த ஆளோட கண்ணு மட்டத்துக்கு கிட்ட வப்பாங்க, இல்லாட்டி ஆளு குழிக்குள்ள உக்காந்த மாதிரி ஆயிரும். கலரு போட மாட்டாங்க, கருப்பு வெள்ளை பழுப்பு அம்புட்டுதான், கருப்பு வெள்ளைப் படத்துக்கு கலரு எதுக்கு. அதுவும் பிலிமுக்கு முன்னாடி இருந்த அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டுக்கு செவப்பு சரியாத் தெரியாது, செவப்புப் புடவை கருப்பா வரும், நீல வானம் வெள்ளையா வரும், மாநிறம்கூட ஒரு படி கருத்துத்தான் வரும், அதுக்குத்தான் அம்புட்டு பவுடரு. இத்தனையும் மனசுல வச்சுக்கிட்டு ஒரு துணியில வரையறதுன்னா சும்மாவா. இன்னைக்கு உங்க போன் ஆப்பு குடுக்கற மாலத்தீவு கடற்கரையில எத்தனை பேரு அடிவானம் கண்ணு மட்டத்துல இருக்கான்னு பாக்கறாங்க?

இந்தச் சீன்லாம் எங்க போச்சுன்னா, பாதி கரையான் தின்னுருச்சு, பாதியை மடிச்சு வச்சே கெடுத்துட்டோம். வரைஞ்ச கேன்வாஸை மடிக்கக்கூடாது, பெயிண்ட் வெடிச்சு கோடு விழுந்துரும், உருளையில சுத்தித்தான் வைக்கணும். நல்லவேளை, பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டுக்காரங்க பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட 1880லருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. உங்க நிருபர் அதையும் ஒரு எட்டு பாத்துட்டு எழுதியிருக்கலாம்.

கண்ணாடிப் படத்தை பத்தி உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்ல, அது எனக்கு பெரிய ஏமாத்தம். சடங்கு வீட்டுக்கோ வளைகாப்புக்கோ பூ வச்சு சடை தச்சுட்டு நேரா ஸ்டூடியோவுக்கு கூட்டிட்டு வருவாங்கல்ல, புள்ளைய உக்கார வச்சு பின்னால சாய்வா ஒரு ஆளுயரக் கண்ணாடி வச்சு, முகமும் தெரியணும் சடையும் தெரியணும். எங்க அப்பத்தா படத்துலருந்து எங்க மகள் படம் வரைக்கும் வீட்டுல அது இருக்கு. பேக்ரவுண்டை எப்புடித் தேர்ந்தெடுக்கறதுன்னு ஒருத்தனுக்குக் கத்துக்குடுக்கணும்னா இந்த ஒரு படம் எடுக்கச் சொன்னா போதும்னு நான் சொல்லுவேன். ஏன்னா இதுல பின்னாடி இருக்கறது கண்ணாடி, கண்ணாடிக்குள்ள தெரியறது புள்ளைக்கு முன்னால இருக்கற ரூமு. லைட்டு ஸ்டாண்டு, ஃபேனு, கதவு ஓரத்துல எட்டிப் பாக்கற சித்தி, எல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும். அதனால கேமராவுக்குப் பக்கத்துலயும் பின்னாலயும் கருந்துணியோ பச்சைத் திரையோ தொங்க விட்டுட்டு, கண்ணாடிய எந்தக் கோணத்துல சாச்சா அந்தத் துணி மட்டும் தெரியும்னு நகட்டி நகட்டிப் பாக்கணும், பேக்ரவுண்டு எடுக்கறவன் முதுகுக்கு பின்னால தொங்குது!

போகஸும் ஏமாத்தும். முகம் கேமராலருந்து 8 அடி, கண்ணாடி 10 அடின்னா சடை கண்ணாடியிலதான தெரியுது அப்ப 10 அடின்னு நெனைப்போம். கிடையாது. கண்ணாடி வரைக்கும் போன 10 அடியோட, கண்ணாடிலருந்து சடைக்கு திரும்பி வர்ற 2 அடியும் சேரும், 12 அடி. எட்டும் பன்னெண்டும் ரெண்டும் தெளிவா வரணும்னா லென்ஸோட துவாரத்தை எஃப் 11 வரைக்கும் மூடணும், அதுக்கு நல்ல வெளிச்சம் வேணும், அந்தப் புள்ள வேற காலைல இருந்து சாப்பிடாம தலைபாரத்துல உக்காந்துருக்கும். போன்ல பின்னாடி மங்கலாக்கற மோடுல இதை எடுத்துப் பாருங்களேன், தாழம்பூவும் சேந்து மங்கிப் போயிரும், எதுக்காக அம்புட்டு நேரம் சடை தச்சாங்களோ அதுவே இருக்காது.

காசு விஷயம்னு சொல்லுவீங்க. பேக்ரவுண்டு வாங்க ஒண்ணும் சொத்தை விக்க வேணாம். பேப்பர் ரோல் விலை ஜாஸ்திதான், பெரிய சைசு 2.72 மீட்டர் அகலம் 11 மீட்டர் நீளம், மிதிச்ச எடத்தை வெட்டி வெட்டித் தள்ளணும், எங்கள மாதிரி சின்ன ஊரு கடைக்கு கட்டுப்படியாகாது. நாங்க விளக்குத்தூண் பக்கம் போயி நல்ல கெட்டியான காடாத்துணி எடுத்து, சுங்குடிக்கு சாயம் போடறவங்ககிட்டயே குடுத்து கசக்கி முறுக்கிச் சாயம் முக்கி வாங்குனது, அதுல தானா மேகம் மாதிரி ஒரு திட்டு விழும், கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா எந்த வெளிநாட்டுத் துணியும் தோத்துரும். ஜாயிண்ட்டு தையல் நடுவுல வராமப் பாத்துக்கணும், அது கோடு போட்ட மாதிரி தலைக்கு பின்னால வந்து நிக்கும். கருப்புக்கு வெல்வெட்டு, அது வெளிச்சத்தைக் குடிச்சுரும், ஆனா தூசி பஞ்சுன்னு எல்லாத்தையும் இழுத்து வச்சுக்கும், பிரஷ் போட்டுக்கிட்டே இருக்கணும். வாங்கவே கூடாதது ப்ளெக்ஸ்ல பிரிண்ட் அடிச்ச பேக்ரவுண்டு. பளபளன்னு லைட்டு பூராம் திருப்பி அடிக்கும், ஓரம் சுருண்டுக்கும், செங்கல் சொவர் படம் போட்டு வாங்கிட்டு பாத்தா ஒவ்வொரு செங்கலும் ஆளு தலை சைசுல இருக்கும்.

பின்னாடியை அப்புறம் கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்னு தொங்க விடற பச்சைத் துணியும் அப்புடித்தான், அது வீடியோவுக்கு சரி, நியூஸ் வாசிக்கறவங்களுக்கு சரி. சின்ன ரூம்ல பச்சைக்கு ஒட்டி நிறுத்துனா தாடையோரம், வேட்டி ஓரம்லாம் பச்சை பூத்துரும். குறைஞ்சது அஞ்சாறு அடி தள்ளி நிக்க வைக்கணும், அம்புட்டு எடம் எத்தனை கடையில இருக்கு. எடம் கம்மியா இருக்கறவங்க செய்யற இன்னொரு வேலை, அகல லென்ஸைப் போட்டுர்றது. அப்ப மூக்கு பெருசாகறதோட பின்னாடி துணியோட ரெண்டு ஓரமும் ஸ்டாண்டும் சேந்து தெரியும். முடிஞ்ச வரைக்கும் நீங்க எதிர்ச் சொவத்தோட ஒட்டி நின்னாவது 85 எம்எம் லென்ஸ் போட்டுப் பாருங்க தம்பிகளா, அது பின்னாடி கொஞ்சமாத்தான் பாக்கும், பத்தடித் துணி தேவையில்ல, அஞ்சடித் துணியே பத்தும் தலையும் தோளும் எடுக்க.

கடைசியா உங்க பேப்பர் சமாச்சாரம். கோவிச்சுக்கக் கூடாது. கண்ணீர் அஞ்சலி, நினைவு நாள், பாராட்டு விளம்பரம் இதுக்குன்னு எங்ககிட்ட படம் வாங்கிட்டுப் போறாங்க. நாங்க பாத்துப் பாத்து சாம்பலுக்கு முன்னால வச்சு எடுத்த தாத்தா படத்தை உங்க விளம்பரப் பிரிவுல வெட்டி, நீலத்துலருந்து வெள்ளைக்கு மங்கற ஒரு வானத்துல ஒட்டிர்றாங்க. காதுல பாதி போயிருது, அந்த மீசை நுனி போயிருது. ஒருத்தர் கடுக்கன் போட்ட பெரியவரு, படத்துல ஒரு கடுக்கன்தான் வந்துச்சு, அவரு மகன் எங்கிட்ட வந்து சண்டை போடறாரு.

நியூஸ்பிரிண்ட் காயிதம் மைய உறிஞ்சி புள்ளியை அகலமாக்கிரும், இது உங்களுக்குத் தெரியாததா, ஸ்க்ரீன்ல நடுச்சாம்பலா இருக்கறது அச்சுல ஒரு படி இருண்டு போகும். கருத்த முகம், கருத்த பேக்ரவுண்டு ரெண்டும் சேந்தா காலைல காயிதத்துல ஒரு மைக்கறைதான் இருக்கும். அதனால பேப்பருக்குன்னு கேட்டு வர்றவங்களுக்கு நான் வழக்கமான சாம்பலை விட்டுட்டு வெளிறுன சாம்பல் போட்டு எடுத்துக் குடுக்கறேன், வெள்ளைக்கும் போறதில்ல, நரைச்ச முடி காணாமப் போயிரும்ல. வெட்டாம அப்புடியே சதுரமா போட்டா அதுவே எடுப்பா இருக்கும், நீல வானம் தேவையே இல்ல.

எனக்குத் தெரியும், நெறைய வீட்டுல பெரியவங்க படம்னு தனியா ஒண்ணும் இருக்காது, ஆதார் கார்டுல இருக்கறதையோ கல்யாண குரூப் போட்டோவுலருந்தோ கொண்டாந்து குடுப்பாங்க, தோள்மேல யாரோட கையோ இருக்கும், அப்ப வெட்டித்தான் ஆகணும், அதுக்கு நான் கொறை சொல்லல. அப்புடி வெட்டுனாக்கூட பின்னாடி ஒரே சாம்பலா வைங்க, ஓரத்துல மிச்சமிருக்கற பழைய கலரு அதுல அவ்வளவா உறுத்தாது. ஆனா ஸ்டூடியோ படம்னு தெரிஞ்சா வெட்டாதீங்க. மாட்டுத்தாவணியிலருந்து உசிலம்பட்டி வரைக்கும் உங்களுக்கு விளம்பரம் வாங்கிக் குடுக்கற ஏஜெண்டுங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சீங்கன்னா போதும், வாட்ஸப்புல அனுப்பற படம் வேணாம், ஸ்டூடியோவுல குடுத்த ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்கன்னு. டாக்குமெண்டா அனுப்பச் சொன்னாலே சுருங்காம வந்துரும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்